கட்டினவங்க உள்ளே உட்கார்ந்தார்களா?

இந்தக் கட்டுரை என் பெரியப்பா கேட்ட ஒரு கேள்வியில் தொடங்கியது. போன வருடம் அவரைக் கண் பரிசோதனைக்கு ஜார்ஜ் டவுனுக்கு அழைத்து வந்திருந்தேன். மருத்துவர் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று லெபோ ஃபார்குவார் பக்கம் கூட்டிப் போனேன். தூய ஜார்ஜ் ஆலயத்தின் வெள்ளைத் தூண்களைப் பார்த்துக்கொண்டே, “இந்தக் கோயில இந்தியாவிலேர்ந்து கப்பல்ல கொண்டாந்த கைதிங்கதான் கட்டினாங்க பெரியப்பா” என்றேன். எனக்குத் தெரிந்த உள்ளூர் வரலாற்றை எடுத்துவிடும் உற்சாகம்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: “கட்டி முடிச்சதும் உள்ள உக்கார விட்டானுங்களா?”

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை வேறு யார் கேட்டிருந்தாலும் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பேன். பெரியப்பா கேட்டதால் முடியவில்லை. அவர் சிறைக்குப் போய் வந்தவர். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், தான் கணக்கு எழுதிய இடத்தில் ஆட்களின் சேமிப்புப் பணத்தை எடுத்துவிட்டார். மூன்று வருடம். வெளியே வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்தார். எங்கள் வரிசையில்தான் உட்கார்ந்தார். ஆராதனை தொடங்குவதற்குள் அந்தப் பெஞ்சு காலியாகிவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருவருக்கு மின்விசிறிக் காற்று வேண்டியிருந்தது, இன்னொருவருக்கு வாசல் பக்கம் வசதியாக இருந்தது. அம்மா என் முழங்கையை இடித்தார். நானும் எழுந்து போனேன். அன்றைய பிரசங்கம் கிருபையைப் பற்றியது. இதை நான் ஜோடித்துச் சொல்லவில்லை, எங்கள் சபைகளில் பாதி ஞாயிறுகளில் பிரசங்கம் கிருபையைப் பற்றியதுதான்.

பெரியப்பா அதன்பிறகு வரவில்லை.

1

கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம்.

1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கம்பெனியின் பெயரில் எடுத்துக்கொண்டார். தீவில் காடு வெட்ட ஆள் வேண்டும், சாலை போட ஆள் வேண்டும், சதுப்பை நிரப்ப ஆள் வேண்டும். கூலி கொடுக்காமல் கிடைக்கும் ஆட்கள் யார்? 1790களிலிருந்தே இந்தியச் சிறைகளிலிருந்து கைதிகள் வரத் தொடங்கினார்கள். 1796இல் அந்தமானில் இருந்த குடியேற்றத்தைக் கைவிட்டபோது அங்கிருந்த கைதிகளையும் இங்கே அனுப்பினார்கள். வங்காளம், மதராஸ், பிறகு பம்பாய். கடல் கடந்தால் சாதி போகும் என்று நம்பியவர்களுக்குக் கப்பலேறுவதே பாதி மரணம். அரசுக்கும் அது தெரிந்திருந்தது. தண்டனையின் பயமே அதில்தான் இருந்தது.

மலாய்க்காரர்கள் இவர்களை ‘ஓராங் ரந்தாய்’ என்றார்கள். சங்கிலி மனிதர்கள். இன்றும் மலாய் மொழியில் கைதிக்குப் ‘பண்டுவான்’ என்றுதான் சொல்கிறோம். இந்தியக் கரையிலிருந்து வந்த சொல் அது. சொல்லை மட்டும் இறக்கிவிட்டு ஆட்களை மறந்துவிட்டோம்.

வங்காளத்திலும் மதராஸிலும் ஆயுள் தண்டனை பெற்றவர்களின் நெற்றியில் பச்சை குத்துவார்கள். ‘கோத்னா’ என்று பெயர். குற்றத்தையும் தண்டனையையும் அவரவர் பகுதி மொழியிலேயே நெற்றியில் எழுதிவிடுவது. தப்பி ஓடினாலும் முகம் காட்டிக்கொடுக்கும். 1849இல்தான் சட்டம் போட்டு இதை நிறுத்தினார்கள். அதற்கு முன் குத்தப்பட்டவர்களுக்கு அது சாகும்வரை இருந்தது. தலைப்பாகையைப் புருவம் வரை இழுத்துக் கட்டி மறைத்துக்கொண்டவர்கள் உண்டு.

விவிலியம் படித்தவர்களுக்கு இங்கே காயீன் ஞாபகம் வரும். முதல் கொலைகாரன், தம்பியைக் கொன்றவன். அவன்மேல் கடவுள் ஓர் அடையாளம் போடுகிறார். நம்மில் பலர் அதை அவமானச் சின்னம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆதியாகமத்தின் நான்காம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தால் வேறு தெரியும். அவனை யாரும் கொன்றுவிடக் கூடாது என்பதற்காகப் போடப்பட்ட அடையாளம் அது. தண்டனை உண்டு, நிலத்தை விட்டுத் துரத்தப்படுகிறான். ஆனால் துரத்தப்படும்போதே பாதுகாப்பும் கூடப் போகிறது. அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்த ஓர் அரசாங்கம் மனிதர்களின் நெற்றியில் போட்ட அடையாளம் அதற்கு நேர் எதிரானது.

2

1802இல் இந்தத் தீவுக்கு வந்த ஒரு கப்பலைப் பற்றித் தமிழர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். முறையான விசாரணை கிடையாது. தோற்றவர்களைத் தூக்கிலிட்டார்கள், அவ்வளவுதான். எஞ்சியவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து ‘அட்மிரல் நெல்சன்’ என்ற கப்பலில் ஏற்றினார்கள். சிவகங்கை மன்னராக இருந்த வேங்கன் பெரிய உடையத் தேவர் அதில் இருந்தார். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் இருந்தான். அவனுக்குப் பதினைந்து வயது சுமார். அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு’. அதாவது என் ஊர்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அப்போது இந்தத் தீவில் சட்டமே கிடையாது. 1801இல் கல்கத்தாவிலிருந்து நீதிபதியாக வந்த ஜான் டிக்கன்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். எந்தச் சட்டத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்வது, இயற்கையின் சட்டம் ஒன்றைத் தவிர இங்கே வேறு எதுவும் இல்லையே என்று மேலிடத்துக்கு எழுதினார். 1807இல் அரச சாசனம் கிடைத்து, 1808இல்தான் முறையான நீதிமன்றம் தொடங்கியது. ஆக, விசாரணை இல்லாமல் தண்டிக்கப்பட்டவர்கள், சட்டம் இல்லாத ஒரு தீவுக்கு, சட்டத்தின் பெயரால் அனுப்பப்பட்டார்கள்.

தூத்துக்குடியில் அந்தக் கைதிகளுக்குக் காவலாக இருந்த அதிகாரிகளில் ஒருவர் ஜேம்ஸ் வெல்ஷ். போருக்கு முன் மதுரைப் பக்கம் இருந்தபோது சின்ன மருதுவோடு பழகியவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். பிறகு அதே மனிதரை வேட்டையாடிய படையிலும் இருந்தார். சிறுவன் துரைசாமியின் மீது இரக்கம் கொண்டு, தன் காவலில் இருந்தவரை அவன் சங்கிலியின் பாரத்தைக் குறைத்துவிட்டார். அவரால் முடிந்தது அது.

பதினாறு வருடம் கழித்து, 1818இல், வெல்ஷ் பினாங்குக்கு வருகிறார். ஒருநாள் அவர் தங்கியிருந்த வீட்டு வளாகத்துக்குள் தளர்ந்துபோன ஒரு மனிதர் நடந்து வருகிறார். யார் என்று வெல்ஷுக்குத் தெரியவில்லை. கேட்டபோது வந்தவர் சொன்னது ஒரே வார்த்தை: துரைசாமி. முப்பதை ஒட்டிய வயதுதான் இருக்கும், கிழவரைப் போல் ஆகியிருந்தார். ஊரில் மிச்சமிருக்கும் குடும்பத்துக்கு ஒரு கடிதம் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார். வெல்ஷ் மறுத்துவிட்டார். அவர் வகித்த பதவியின் விதி அதை அனுமதிக்கவில்லை. 1830இல் வெளியான அவருடைய ராணுவ நினைவுக் குறிப்புகளில் இந்தச் சந்திப்பு இருக்கிறது. அந்தப் பெயர் தன் நெஞ்சில் கத்திபோல் இறங்கியது என்கிறார்.

நான் இந்தப் பக்கத்தைப் பலமுறை படித்திருக்கிறேன். வெல்ஷைக் கெட்டவர் என்று ஒதுக்க முடியவில்லை. இளகிய மனிதர். குற்ற உணர்ச்சி உள்ளவர். எது சரி என்று நன்றாகத் தெரிந்தவர். ஆனாலும் ஒரு கடிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக அவரால் முடியவில்லை. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில் இந்த அவஸ்தையைத்தான் பேசுகிறார். செய்ய விரும்பும் நன்மையைச் செய்ய முடியாமல், விரும்பாததையே செய்துகொண்டிருக்கும் மனிதனின் அவஸ்தை. பாவம் என்றால் திருட்டு, கொலை, விபசாரம் என்று பட்டியல் போட்டுப் பழகியவர்கள் நாம். பவுல் சொல்லும் பாவம் அதற்கு அடியில் இருக்கிறது. விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்துக்கொண்டே ஒருவன் அதில் விழ முடியும். அன்றைக்கு விதியை மீறாததுதான் வெல்ஷ் செய்த பிழை.

3

அந்த 1818ஆம் வருடத்தில்தான் தூய ஜார்ஜ் ஆலயம் எழுந்துகொண்டிருந்தது. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலை 1816இல் தொடங்கிய ஹட்சிங்ஸ் பாதிரியார் ஆலயத்துக்காக முயற்சி எடுத்தார். ராபர்ட் ஸ்மித் என்ற பொறியியல் படைக் கேப்டன் கட்டட வேலையைப் பார்த்தார். மதராஸின் தூய ஜார்ஜ் பேராலயத்தின் சாயல் இதில் உண்டு. செங்கல் அடுக்கியதும் சாந்து குழைத்ததும் கைதிகள். 1819 மே மாதம் கல்கத்தா பிஷப் மிடில்டன் வந்து பிரதிஷ்டை செய்தார். இப்போது நாம் பார்க்கும் சரிவுக் கூரை 1864இல் வந்தது. முதலில் மதராஸ் பாணியில் தட்டையான மொட்டை மாடிதான். நம்ம ஊர் மழைக்கு அது தாங்கவில்லை.

அந்த வருடம் தீவின் ஆளுநர் யார் தெரியுமா? கர்னல் ஜான் அலெக்சாண்டர் பானர்மேன். கட்டபொம்மனை 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிட்ட அதே மேஜர் பானர்மேன். இந்த ஆலயத்தில் நடந்த முதல் திருமணம், 1818 ஜூனில், அவருடைய மகள் ஜேனட்டின் திருமணம்.

ஒரே சிறிய ஊர். கயத்தாற்றில் தூக்குக்கயிறு மாட்டியவர் ஆளுநர் மாளிகையில். திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டவரின் மகன் தெருவில். இருவருக்கும் நடுவில் ஒரு ஆலயம் கட்டப்படுகிறது. துரைசாமியை அந்தச் சாரத்தில் ஏற்றி, கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டால் கதை அருமையாக இருக்கும். நான் ஏற்றமாட்டேன். உண்மையில் இருப்பதே போதும்.

ஆங்கிலிக்கன் சபையின் பொது ஜெப நூலின்படி, காலை ஆராதனையின் தொடக்கத்திலேயே எல்லோரும் மண்டியிட்டுப் பாவ அறிக்கை செய்ய வேண்டும். ஒருவர் பாக்கியில்லாமல். ஆளுநரும் அவர் குதிரைக்காரனும் ஒரே வாக்கியங்களைத்தான் சொல்ல வேண்டும். நாங்கள் வழிதவறிப் போனோம், எங்களிடம் நல்லது எதுவுமில்லை, இரங்கும் என்பதுதான் சாரம். ‘நான் பாவி’ என்று ஒவ்வொரு வாரமும் வாயால் சொல்பவர்கள் சுவருக்கு உள்ளே. அதையே நெற்றியில் எழுதிக்கொண்டவர்கள் சுவருக்கு வெளியே. உள்ளே இருந்தவர்கள் சொன்னதை நம்பியிருந்தால், வெளியே இருந்தவர்களைப் பார்த்து என்ன நினைத்திருக்க வேண்டும்?

பெரியப்பாவின் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான். அது கம்பெனியின் ஆலயம். கம்பெனி சம்பளம் கொடுத்த பாதிரியார், கம்பெனி அதிகாரிகள், வணிகர்கள், அவர்கள் குடும்பம். அவர்களுக்காகவே அது கட்டப்பட்டது. கைதிகளில் பெரும்பாலோர் இந்துக்கள், முஸ்லிம்கள். அவர்களை உள்ளே அழைப்பது திட்டத்திலேயே இல்லை. இது அவர்களுக்கும் நிம்மதியாகக்கூட இருந்திருக்கலாம். தண்டித்தவனே மன்னிப்பையும் விற்க வந்தால் யாருக்கு வேண்டும்?

4

சட்டம், கிருபை என்ற இரண்டு சொற்கள் தமிழுக்குள் எப்படி வந்தன என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம்.

1706 ஜூலையில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். லூத்தரின் வழியில் வந்தவர். லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழில் கொடுத்தவர். அந்தச் சிறு நூலில் முதலில் வருவது பத்துக் கட்டளை. அதற்குப் பிறகுதான் விசுவாசப் பிரமாணம். வரிசைக்குக் காரணம் உண்டு. சட்டம் ஒரு கண்ணாடி, உன் முகத்தில் உள்ள அழுக்கை அது காட்டும், ஆனால் கண்ணாடியால் முகம் கழுவ முடியாது என்பது லூத்தரனியப் போதனை. அழுக்கைப் பார்த்தவன்தான் தண்ணீர் தேடுவான். அந்தத் தண்ணீர் கிருபை. அது உழைத்துச் சம்பாதிப்பதல்ல, சும்மா கிடைப்பது. தமிழ் விவிலியம் சட்டத்துக்கு ‘நியாயப்பிரமாணம்’ என்ற கனமான சொல்லை எடுத்துக்கொண்டது. ‘கிருபை’ இன்றைக்கு ஏறக்குறைய கிறிஸ்தவர்கள் மட்டுமே புழங்கும் சொல்லாகிவிட்டது. இந்த சீகன்பால்குவையே தரங்கம்பாடியின் டேனிஷ் ஆளுநர் 1708இல் பிடித்து நான்கு மாதம் கோட்டைக்குள் அடைத்துப் போட்டார் என்பது இந்தக் கதைக்குப் பொருத்தமான தகவல்.

தமிழனுக்கு இந்த யோசனை புதிதா என்றால், இல்லை. வைணவத்தில் தென்கலை, வடகலைச் சண்டையில் பாதி இதுதான். குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடி விட்டால் விழும். பூனைக்குட்டியைத் தாயே வாயில் கவ்விக்கொண்டு போகும், குட்டி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. தென்கலையாரின் பிள்ளைலோகாச்சாரியார் இன்னும் ஒருபடி மேலே போய், அடியவனின் குற்றத்தையே இறைவன் விரும்பி ஏற்பான் என்றார். ஜெர்மன் இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ இதைப் படித்துவிட்டு, கிறிஸ்தவத்துக்கு உண்மையான போட்டி இந்தியாவின் இந்த அருள் சமயம்தான் என்று கருதி ஒரு புத்தகமே எழுதினார். சைவத்திலும் பாருங்கள், குதிரை வாங்கக் கொடுத்த அரசுப் பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்துவிட்டுச் சிறைக்குப் போனவர் மாணிக்கவாசகர். இன்றைய சட்டத்தில் அது கையாடல்.

திருநெல்வேலிக்காரரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, கம்பனில் ஊறி, 1858இல் கிறிஸ்தவரானவர். 1894இல் வெளிவந்த அவருடைய ‘இரட்சணிய யாத்திரிகம்’, ஜான் பன்யனின் ‘பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்’ கதையைத் தமிழ்க் காப்பியமாக்கியது. பன்யன் யார்? அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு வருடம் பெட்ஃபர்ட் சிறையில் கிடந்தவர். அந்தக் கதையின் பயணி முதுகில் ஒரு மூட்டையோடு நடக்கிறான். சட்டத்தின் வீட்டுக்குப் போனால் மூட்டையை இறக்கித் தருவார்கள் என்று ஒருவன் ஆசைகாட்டுகிறான். நம்பிப் போனால் வழியில் உள்ள மலை தலையில் விழுவதுபோல் சாய்கிறது, மூட்டை முன்னைவிடக் கனக்கிறது. கடைசியில் சிலுவையின் அடியில் அது தானாக அவிழ்ந்து விழுகிறது. இதை எழுதியவனும் ஒரு ‘பண்டுவான்’தான் என்பதை எங்கள் ஞாயிறு பள்ளியில் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. எனக்குக் கிடைத்தது மூட்டைப் படம் வரைந்த ஒரு அட்டை மட்டும்.

5

இந்த இறையியலைக் கையில் வைத்திருந்த ஆங்கிலேயர்கள் நீரிணைக் குடியேற்றங்களில் கைதிகளுக்காக ஏற்படுத்திய முறை அதற்கு முற்றிலும் எதிரானது. மெக்நேர் என்ற அதிகாரி 1899இல் அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கைதிகளே கைதிகளுக்குக் காவலர்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். ஆறு வகுப்புகள். புதிதாக வருபவன் நான்காம் வகுப்பு. ஒழுங்காக இருந்தால் மூன்றாம் வகுப்பில் சாலை வேலை. பிறகு இரண்டாம் வகுப்பில், தன் கூட்டாளிகளையே மேய்க்கும் சிறு அதிகாரி. முதல் வகுப்பு வந்துவிட்டால் சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே தங்கிப் பிழைக்கலாம். தப்புச் செய்தால் ஐந்தாம் வகுப்புக்குத் தள்ளுவார்கள். ஆறாவது நோயாளிகளுக்கும் பெண்களுக்கும்.

அந்தக் காலத்துக்கு இது இரக்கமான முறை என்றே சொல்ல வேண்டும். தொழில் கற்றுக்கொடுத்தார்கள். 1862இல் பிரதிஷ்டையான சிங்கப்பூர் தூய அந்திரேயா பேராலயமும் இந்தியக் கைதிகளின் கைவேலைதான். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்துக் குழைத்த மதராஸ் சாந்தைப் பூசி, பளிங்கு மாதிரி தேய்த்துவிட்டார்கள். விடுதலையான பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே கல்யாணம் செய்து, மாடு வளர்த்து, வண்டி ஓட்டி மக்களோடு கலந்துபோனார்கள். மிச்சமிருந்த கைதிகளை 1873இல் அந்தமானுக்கு மாற்றினார்கள்.

ஆனால் அது முழுக்க முழுக்கச் செயலால் சம்பாதிக்கும் முறை. ஒவ்வொரு படியிலும் உன்னைத் தகுதியாக்கிக்கொள்ள வேண்டும், எப்போது வேண்டுமானாலும் கீழே விழலாம். ஞாயிறன்று செயலால் யாரும் நீதிமானாக முடியாது என்று கேட்டுவிட்டு, திங்களன்று செயலை எண்ணி மனிதர்களை வகுப்புப் பிரித்தார்கள்.

எனக்கே இங்கே ஒரு மறுப்பு உண்டு. வேறென்ன செய்ய முடியும்? கிருபையை வைத்துச் சிறைச்சாலை நடத்த முடியுமா? அந்தக் கைதிகளில் மருதுவின் ஆட்களைப் போன்றவர்கள் கொஞ்சம்தான். கொலைகாரர்கள் இருந்தார்கள், வழிப்பறிக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் கையால் செத்தவர்களும் மனிதர்கள்தானே. பெரியப்பா எடுத்த பணம் நாள் முழுக்க நின்று வேலை செய்தவர்கள் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம். அதில் ஒரு அம்மா மகளைப் படிக்க வைக்க வைத்திருந்தார். ‘எல்லாம் கிருபை’ என்று அந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் தூக்கிலிட்ட பான்ஹோஃபர் என்ற லூத்தரன் பாதிரியார், ‘மலிவான கிருபை’ என்று ஒன்றைத் திட்டியிருக்கிறார். மனம் திரும்பாமலே மன்னிப்பு, விலை கொடுக்காமலே விடுதலை. அவர் திட்டியது சரிதான்.

யோசித்துப் பார்த்தால், மலிவான கிருபையை வாங்கிக்கொண்டவர்கள் பச்சை குத்தப்பட்டவர்கள் இல்லை. அவர்கள் கடல் தாண்டி, கல் சுமந்து, முகத்தையே விலையாகக் கொடுத்தார்கள். விசாரணையில்லாமல் தூக்கிலிட்டவர்களுக்குத்தான் எந்தக் கணக்கும் கேட்கப்படவில்லை. நம் சிலப்பதிகாரத்தில் பாண்டியன் ஒரு கணம்தான் எடுத்துக்கொள்கிறான். விசாரிக்காமல் கோவலனைக் கொன்றுவிட்டேன் என்று தெரிந்ததும், தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு அங்கேயே விழுகிறான். சட்டம் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பார்த்த இடம் அது. திருப்பத்தூருக்கும் கயத்தாற்றுக்கும் அப்படி யாரும் அரியணையிலிருந்து விழவில்லை. பானர்மேன் 1819 ஆகஸ்டில் பதவியில் இருக்கும்போதே இறந்தார். ஆலயம் பிரதிஷ்டையாகி மூன்று மாதம்.

எங்கள் சபைப் பெஞ்சும் அப்படித்தான். பெரியப்பா மூன்று வருடம் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். எழுந்து போன நாங்கள் யாரும் எதையும் கட்டவில்லை. பத்து வயதில் அம்மா இடித்ததால் எழுந்தேன், சரி. இருபது வயதில் யார் இடித்தது? முப்பதில்? அவர் வீட்டுக்குப் போவேன், சாப்பிடுவேன், பேசுவேன். ‘அன்னைக்கு நான் எழுந்து போயிட்டேன் பெரியப்பா’ என்று சொன்னதில்லை. வெல்ஷ் வாங்க மறுத்த அந்தக் கடிதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏன் தொண்டை அடைக்கிறது என்று நான் இவ்வளவு நாள் கேட்டுக்கொள்ளவில்லை.

6

போன மாதம் மறுபடி கண் பரிசோதனை. முடிந்ததும் லெபோ ஃபார்குவாருக்குத்தான் போனோம். ஒரு பக்கம் நீதிமன்றம், எதிர்ப்பக்கம் ஆலயம், நடுவில் சாலை. நீதிமன்றத்தின் முன்னால் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு வழக்கறிஞர் யாரிடமோ தமிழில் கத்திக்கொண்டிருந்தார். “பாத்து வா” என்று பெரியப்பாதான் என் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்தார்.

ஆலயக் கதவு திறந்திருந்தது. நான் படித்ததையெல்லாம் சொன்னேன். துரைசாமியைச் சொன்னேன். நெற்றிப் பச்சையைச் சொன்னேன். உள்ளே உட்கார விடவில்லை, அது அவர்களுக்காகக் கட்டினதே இல்லை என்று சொன்னேன். “ம்” என்றார். கடிதம் விஷயத்தில் மட்டும் நிறுத்தி, “வாங்கவே இல்லியா அந்த வெள்ளக்காரன்?” என்று கேட்டார். இல்லை என்றேன். “பயந்துட்டான் பாவம்” என்றார்.

அதற்கு மேல் தள்ளிப்போட முடியாமல், அன்றைய ஞாயிறைப் பற்றிச் சொன்னேன். நானும் எழுந்து போனேன் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல், “தெரியும். நீ நீலச் சட்டை போட்டிருந்தே” என்றார்.

பிறகு செருப்பை வாசலில் விட்டார். “கழட்ட வேணாம் பெரியப்பா, இங்க செருப்போட போலாம்” என்றேன். “பரவால்ல” என்று வெறுங்காலோடு நடந்து போய், கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தார். நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்.